தோளில் இருந்த கை

அல்மாஸின் இடது தோளில் கனம் ஏறியது 2007ஆம் வருடத்து மழைக்காலத்தில். கடலூர் முதுநகரில் தாய் வீடு, சிதம்பரத்தில் நர்சரிப் பள்ளிக்கூட வேலை. காலை ஏழேகால் பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போது, பின் சீட்டில் இருந்து யாரோ கையை நீட்டி அவள் தோளில் வைத்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் கத்தரிக்காய் மூட்டை இருக்கும், இல்லையென்றால் தூங்கி வழியும் கல்லூரி மாணவன். புதுச்சத்திரத்தில் கனம் இறங்கிவிடும். சில நாள் பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வரும், சாயங்காலம் திரும்பும்போதும் வரும். டாக்டர் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, அந்தப் பக்கம் பை மாட்டாதீர்கள் என்று சொல்லி மாத்திரை எழுதினார். பையை அவள் வலது தோளில்தான் மாட்டுவாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றேகால் வருடம். மாப்பிள்ளை முஹம்மது ஆசிக் சிதம்பரத்துப் பையன். அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் முடித்துக் கனடா போய், அங்கேயே தங்குவதற்கு அனுமதி வாங்கியவன். நிக்காஹ் முடிந்து பத்தொன்பது நாள் கூட இருந்தான். பிறகு டொராண்டோவுக்குத் திரும்பி, பெண்டாட்டியை அழைத்துக்கொள்ள மனுப் போட்டான். மனு டெல்லித் தூதரகத்துக்கு வரும், அங்கே சரிபார்த்து விசா கொடுப்பார்கள், எட்டு மாதம் ஆகும் என்றார்கள். மாமியார் ஜொஹரா பீவி அந்த வாரமே மருமகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் வாங்கிப் பாச்சை உருண்டை போட்டு வைத்தார்.

மனுவோடு மணமக்கள் சேர்ந்திருக்கும் கல்யாணப் போட்டோ வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்படி ஒன்று இல்லை. நிக்காஹ் கடலூர் வீட்டில் நடந்தது. ஹாலில் ஆண்கள், உள் அறையில் பெண்கள், நடுவில் பச்சைத் திரை. சம்மதம் கேட்கப் பெண்ணைப் பெற்ற அத்தாவும் இரண்டு சாட்சிகளும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து போனார்கள். மாப்பிள்ளை அந்தப் பக்கம் நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேரையும் நிறுத்திப் படம் பிடிக்கிற வழக்கம் இரண்டு குடும்பத்திலும் இல்லை. பிச்சாவரத்தில் படகில் போனபோது ஒரு ரோல் எடுத்தார்கள். சித்தி மகன் கேமராவின் பின்மூடியைப் பகல் வெளிச்சத்தில் திறந்துவிட்டான். ஒரு படமும் தேறவில்லை.

"அதுக்கென்ன, தங்கராசுகிட்ட குடுத்தா மிக்சிங் போட்டுக் குடுத்துடுவாரு," என்றார் ஜொஹரா பீவி.

அந்தத் தெருவில் இது யாருக்கும் பொய்யாகப் படாது. ஆண்கள் சவூதியிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். பெருநாளைக்கு மற்றவர்கள் தங்கராசுவின் ஸ்டுடியோவுக்குப் போய் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு நிற்பார்கள். பழைய போட்டோவில் இருந்து ஆளைப் பெயர்த்து எடுத்து அவர் அந்த இடத்தில் வைத்துவிடுவார். ஜொஹரா பீவி வீட்டு ஹாலில் அவருடைய கணவர் நாலு பெருநாள் படங்களில் ஒரே முகத்தோடு, வயதே ஏறாமல் நின்றார். அவர் மவுத்தாகி அடக்கமான பிறகு எடுத்த ஐந்தாவதிலும் நின்றார்.

அல்மாஸ் படம் ஒரு வாரத்தில் தயாரானது. நாற்காலியில் அவள், பின்னால் கோட் சூட்டில் ஆசிக், அவள் இடது தோளில் அவன் கை. முகம் நிக்காஹ் அன்று அவனைத் தனியாக எடுத்த போட்டோவில் இருந்து எடுத்தது. உடம்பு தங்கராசுவின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த யாரோ ஒரு மாப்பிள்ளையுடையது. கையின் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"இது மச்சான் கை இல்லயே மாமி."

"கையப் பாத்தா விசா குடுக்கப் போறான்? மூஞ்சியத்தான் பாப்பான்."

2006 டிசம்பரில் மனு டெல்லிக்குப் போனது. எட்டு மாதம் போனது, பன்னிரண்டு மாதம் போனது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் கீழ வீதி பிரவுசிங் சென்டரில் மனு நம்பரை அடித்துப் பார்ப்பாள். பரிசீலனையில் உள்ளது என்ற ஒரே வரி வரும். சென்னையில் எடுத்த மருத்துவப் பரிசோதனை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் மறுபடி எடுக்கச் சொன்னார்கள். நெஞ்சு எக்ஸ்ரே இரண்டாம் தடவை எடுத்தாள், 2009 தொடக்கத்தில் மூன்றாம் தடவையும் எடுத்தாள். போன் பில், கடிதம், உறவினர் வாக்குமூலம் என்று கேட்டதையெல்லாம் அனுப்பினாள். உங்கள் திருமணம் உண்மையானது என்பதற்கு மேலும் ஆதாரம் தேவை என்று பதில் வந்தது. கல்யாணமான பெண்ணா, ஆகாத பெண்ணா என்று தெருவில் யாரும் நேராகக் கேட்கவில்லை. எப்பம்மா கிளம்புற என்று கேட்டார்கள். பிறகு அதையும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் மாமியார் வீட்டுக்குப் போவாள். மிக்சிங் படத்தின் பெரிய பிரதி ஹாலில் பிரேம் போட்டு மாட்டியிருந்தது. வருகிறவர்கள் எங்கே எடுத்தது என்று கேட்பார்கள். முதல் வருடம் ஜொஹரா பீவி, ஸ்டுடியோவில் என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். இரண்டாம் வருடம் அந்தப் படத்துக்கு ஒரு நாளும் கதையும் முளைத்தன. அன்றைக்கு நல்ல மழையாம். போட்டோ எடுக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டதாம். ஒரு மணி நேரம் காத்திருந்துதான் எடுத்தார்களாம். சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளம் கொஞ்சமும் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்ட அல்மாஸுக்கு மழைச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் வெயில் அடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசிக் போன் பண்ணுவான். பேச என்ன இருக்கிறது? பத்தொன்பது நாளையே திருப்பித் திருப்பிப் பேசித் தீர்த்துவிட்டார்கள். அவன் முகத்தை நினைக்க முயன்றால் அந்தப் படத்து முகம்தான் வந்தது, கோட்டோடு. 2008 ஆகஸ்டில் ஒரு நாள் அவன் சொன்னான்:

"அன்னைக்கி உன் தோள்ல கை வெச்சப்ப நடுங்குனியே, ஞாபகம் இருக்கா?"

"எப்ப மச்சான்?"

"போட்டோ எடுத்தப்பதான்."

அவன் சிரிப்பான் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் இங்கே குளிர் ஆரம்பித்துவிடும், உனக்குப் பூட்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன் என்று அடுத்த பேச்சுக்குப் போனான். அந்தப் படம் அவன் கட்டில் அருகே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போனை வைத்த பிறகு தோளைத் தொட்டுப் பார்த்தாள். அந்த இடம் மட்டும் சூடாக இருந்தது.

2009 பிப்ரவரியில் டெல்லியில் இருந்து கடிதம் வந்தது. ஏப்ரலில் நேர்முகம், எல்லா அசல் ஆவணங்களோடும் வர வேண்டும். பள்ளிக்கூட இடைவேளையில் ஆயா அறை மேஜையில் காகிதங்களைப் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆயா லோகநாயகி குழந்தைகளின் தட்டுகளைக் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். பிச்சாவரம் பக்கத்துக் கடலோரப் பெண். 2004 டிசம்பர் அலையில் புருஷனைப் பறிகொடுத்தவள். அவர் உடல் கிடைக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்தபடி மேஜையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு ஈரம் முழுக்கக் காயும்வரை துடைத்து, மிக்சிங் படத்தின் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"டீச்சர், இது எங்க வூட்டுக்காரரு கை."

லோகநாயகி வளைந்த சுண்டுவிரலின் மேல் விரலை நகர்த்தினாள்.

"போட்டு இஞ்சின்ல மாட்டி இந்த வெரலு கோணிக்கிச்சி. நேரா ஆவவே இல்ல. இந்த நாற்காலியில நான்தான் உக்காந்திருந்தன் டீச்சர்."

அவள் அழவில்லை. புது ஊர்ப் பெயரைப் படிப்பவள் போல மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனாள். கல்யாணமான மூன்றாம் நாள் சிதம்பரத்துக்கு வந்து எடுத்தது. வாடகைக் கோட்டு. அன்றைக்குப் பேய் மழை. கரண்ட் வேறு போய்விட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கரண்ட் வந்ததும் அவர் கையைத் தோளில் வைத்தார், அவளுக்கு உடம்பு நடுங்கிவிட்டது. போட்டோக்காரர்கூட ஆடாதம்மா என்று திட்டினார்.

அலைக்குப் பிறகு வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. ஸ்டுடியோவில் போய்க் கேட்டிருக்கிறாள். தங்கராசு தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்.

"டெல்லில கேட்டா, இது யாரு கைன்னு சொல்லுவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த நொடியே, வேணாம் வேணாம், உங்க காரியம் கெட்டுடப் போவுது என்று தட்டுகளை அடுக்கப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அல்மாஸ் ஸ்டுடியோவுக்குப் போனாள். தங்கராசு மறைக்கவில்லை. அந்த உடம்பின் நெகட்டிவ் கவரில் சுப்பராயலு என்ற பெயரைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது என்றார். நெகட்டிவ் எல்லாம் கரையான் அரித்துவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றியதில் முகத்தை வெட்டிப் போட்டுவிட்டு உடம்பை மட்டும் வைத்திருக்கிறார்.

"நல்லா நிமுந்து நிக்கிற ஒடம்பும்மா. எந்தத் தலைய வெச்சாலும் ஒக்காந்துக்கும். எத்தன பேருக்குப் போட்டிருப்பன்னு எனக்கே தெரியாது."

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவள் வீடுகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே நடந்தாள். எந்தெந்த ஹாலில், யார் யார் முகத்தோடு, அந்த மனிதர் நிற்கிறாரோ.

டெல்லிக்கு அத்தா கூட வந்தார். கிளம்பும் முன் ஜொஹரா பீவி மழை, கரண்ட், ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் அவளைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டார். மிக்சிங் என்று வாயைத் திறந்தால் மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், அடுத்து எத்தனை வருடமோ என்று எச்சரித்தார். அது அவளுக்கும் தெரியும். வயது இருபத்தெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தாவின் பையில், தாம்பூலப் பை ஒன்றில் சுற்றி, நிக்காஹ் அன்று எடுத்த இரண்டு தனிப் படங்களையும் கொண்டுபோனாள். எதற்கென்று அவளுக்கே அப்போது தெளிவில்லை.

அறையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியம்மா, பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். பெயர், ஊர், மாப்பிள்ளைக்குப் பிடித்த சாப்பாடு என்று கேட்டுவிட்டு அதிகாரி மிக்சிங் படத்தை எடுத்து முன்னால் வைத்தார். இது எங்கே, எப்போது எடுத்தது?

"சிதம்பரத்துல. அன்னைக்கி நல்ல மழை. கரண்ட் போயிடுச்சி," என்று அவள் வாய் தானாகச் சொன்னது. தடங்கல் இல்லாமல் வந்தது. உண்மையாகவே நடந்த ஒரு நாள் என்பதால் வந்தது. அந்த நாளில் அவள்தான் இல்லை. இடது தோளில் கனம் வந்து உட்கார்ந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

"இந்தக் கை என் வீட்டுக்காரர் கை இல்லிங்க," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அவளைப் பார்த்தார். இதைச் சொல்லவா என்று கேட்பது போல ஒரு கணம் தாமதித்தார்.

"சொல்லுங்க. இது சுப்பராயலுன்னு ஒருத்தர் கை. கடல்ல போயிட்டாரு. அந்த மழை அவுங்க கல்யாணப் படம் எடுத்தப்ப பெஞ்சது."

பிறகு பெருநாள் படங்களையும், இடம் விட்டு நிற்பதையும், மவுத்தான மாமனார் ஐந்தாவது படத்தில் நிற்பதையும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அல்மாஸ் தாம்பூலப் பையை அவிழ்த்தாள். ஒரு படத்தில் ஹஜ்ரத் எதிரே ஆசிக், அவன் முதுகுக்குப் பின்னால் பச்சைத் திரை. இன்னொன்றில் தலை குனிந்து அவள், பின்னால் அதே பச்சைத் திரையின் மறுபக்கம். கல்யாணத்தன்று அவசரத்தில் இஸ்திரி போட்டபோது திரைத்துணி கருகி, முக்கோணமாய் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. அவன் படத்தில் அந்த ஓட்டை அவன் வலது காதருகே தெரிந்தது. அவள் படத்தில் அவள் இடது காதருகே. இரண்டையும் அதிகாரியின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இவ்வளவுதாங்க நாங்க சேந்து எடுத்துக்கிட்டது."

முடிவைக் கடிதத்தில் சொல்வோம் என்று அனுப்பினார்கள்.

ஜொஹரா பீவி ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டார், அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை படத்தின் கீழே நின்றார். ஆசிக்கிடம் அவளே போனில் சொன்னாள்.

"அப்ப நடுங்குனது?" என்றான்.

"நான் இல்ல மச்சான்."

இன்னும் ஒன்பது மாதம் பரிசீலனையில் உள்ளது என்ற வரியே வந்தது. நாலாவது எக்ஸ்ரே எடுத்தாள். 2010 ஜனவரியில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், மார்ச் மாதம் விசாவோடு திருப்பி அனுப்பினார்கள். ஆவணங்களும் கூடவே வந்தன. மிக்சிங் படத்தைக் கையில் எடுத்த அல்மாஸ் ஜன்னலோரம் போனாள். அவள் தோளில் இருந்த கையைச் சுற்றி, யாரோ பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த தேதி 2007 அக்டோபர். அவள் தோளில் கனம் ஏறிய மாதம். அந்த மாதம் டெல்லியில் ஒருவர் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று யோசித்தபடி கோப்பை ஓரமாக வைத்திருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் படத்தை லோகநாயகியிடம் கொடுத்தாள். லோகநாயகி முழுப் படத்தையும் வாங்க மறுத்தாள். மற்றவர் முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, இது போதும் டீச்சர் என்று வட்டத்தைக் காட்டினாள். எல்.கே.ஜி. பிள்ளைகள் காகிதம் வெட்டும் கத்திரிக்கோலால் அல்மாஸ் பென்சில் கோட்டின் மேலேயே வெட்டினாள். சுண்டுவிரல் பிசகாமல் வந்தது. லோகநாயகி அதை உள்ளங்கையில் வைத்து மூடி, இடுப்புச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். மேஜையில் கிடந்த படத்தில் அல்மாஸின் தோள் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக மேஜைப் பலகை தெரிந்தது. அன்று சாயங்காலம் ஆலப்பாக்கம் வந்தது, போனது. தோளில் ஒன்றும் இல்லை. அவள் இரண்டு தடவை பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

டொராண்டோ விமான நிலையத்தில் கண்ணாடி போட்ட, கன்னம் சதை வைத்த ஒருவன் பூட்ஸ் பெட்டியோடு நின்றான். கோட் இல்லாததால் அவளுக்கு அடையாளம் பிடிபடச் சற்று நேரம் ஆனது. அவனும் அவளைத் தேடித்தான் கண்டுபிடித்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் ஸ்வெட்டரில் பாச்சை உருண்டை வாடை அடிக்கிறதே என்றான். பிறகு தயங்கி, அவள் இடது தோளில் கையை வைத்தான்.

அவள் முதலில் சுண்டுவிரலைத்தான் பார்த்தாள். நேராக இருந்தது. கை இருப்பதே தெரியவில்லை, அவ்வளவு லேசாக இருந்தது.

"நல்லா அழுத்தி வையுங்க மச்சான்," என்றாள்.