முடிவெடுக்க ஆகும் நேரம்

கல்லூரியில் அட்டெண்டராகச் சேர்வதற்கு முன்னால் அவள் எட்டு வருஷம் சுவர்க்கடிகாரத் தொழிற்சாலையில் இருந்தாள். பூட்டி முடித்த கடிகாரத்தைக் காதோரம் பிடித்து, ஓட்டம் எங்காவது இடறுகிறதா என்று கேட்டுச் சொல்வது வேலை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தத்துவத் துறையில் இடம் காலி என்றதும் வந்து சேர்ந்தாள். தத்துவம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. அங்கே யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

நீளமான ஒரே அறை, மூன்று மேசைகள், கூரை வரை புத்தகம். துறைத்தலைவரைப் பெரிய சார் என்பார்கள். மனம் உடம்புக்குள் இருக்கிறதா, வேறெங்காவது இருக்கிறதா என்று அவரும் மற்ற இரு பேராசிரியர்களும் வாதாடுவார்கள். அவள் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிடும். இன்று விட்ட இடத்தில் நாளை பிடித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வருஷமாக அந்த வழக்கு முடிந்தபாடில்லை. குப்பையைக் கூட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இதைச் சொன்னால் பஸ் ஓட்டும் கணவர், "சம்பளம் கொடுத்து சண்டை போடச் சொல்றாங்களா?" என்று ஆச்சரியப்படுவார்.

ஒரு ஜூன் மாதம் புதிதாக ஒரு மேடம் வந்து சேர்ந்தார். உளவியல் படித்தவர். ஆய்வகத்துக்குப் பாதி அறை வேண்டும் என்றார். இரும்பு பீரோக்களை நடுவில் வரிசையாக நிறுத்தி அறையை இரண்டாக்கினார்கள். அவற்றை இழுத்ததில் பாதி உழைப்பு அவளுடையது.

பெரிய சாருக்கு மனசு ஆறவில்லை. "மனசு என்ன துணியா, முழம் போட்டு அளக்க?" என்று பீரோவுக்கு மேலாகக் கேட்டார். மேடம் கோபப்படவில்லை. நட்சத்திரம் ஒரு கோட்டைக் கடக்கும் நொடியை இரண்டு வானியலாளர்கள் குறித்தால் இரண்டு விதமாக வந்ததாம். ஆளுக்கு ஆள் மனம் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு என்பது அங்கேதான் பிடிபட ஆரம்பித்ததாம். அப்புறம் ஐரோப்பாவில் மனத்துக்கென்று தனி ஆய்வகம் திறந்தவரும் தத்துவப் பேராசிரியராக இருந்தவர்தானாம். "உங்க வீட்டுப் பிள்ளைதான் சார், தனிக்குடித்தனம் போயிடுச்சு," என்றார். பெரிய சார் சிரித்துவிட்டார். ஆனால் பீரோவைத் தாண்டி வரவில்லை.

முதலில் சோதனைக்கு உட்கார்ந்தது அவள்தான். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். கருவி நேரத்தைக் காட்டும். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வந்தது. அடுத்து இரண்டு விளக்குகள்: சிவப்புக்கு வலது கை, பச்சைக்கு இடது கை. இப்போது அதைவிடப் பத்தில் ஒரு பங்கு நொடி கூடியிருந்தது. அந்த அதிகப்படி நேரம்தான் எந்தக் கை என்று மனம் முடிவெடுக்க ஆன நேரம் என்றார் மேடம். அன்று சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே அவளுக்கு வாய் நமநமவென்றிருந்தது.

"ஒரு முடிவெடுக்க எனக்கு ஒரு நொடிகூட வேணாமாங்க. அளந்தே சொல்லிட்டாங்க."

"எதை அளந்தாங்க?"

"அதை விடுங்க. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கலாமா வேணாமான்னு நீங்க மூணு வருஷமா யோசிக்கிறீங்களே, அதை அளக்க அவங்ககிட்ட கருவி கிடையாது."

டிசம்பரில் இரட்டை விளக்குப் பெட்டி கெட்டுப்போய், எலக்ட்ரீஷியன் வேறொன்று செய்து கொடுத்தார். அதில் மாணவர்களை உட்காரவைத்தபோது கணக்கு தலைகீழாகிவிட்டது. ஒரு விளக்குக்கு எவ்வளவு நேரமோ இரண்டுக்கும் அதே நேரம். முடிவெடுக்க நேரமே ஆகவில்லை. மேடம் ஒரு வாரம் கருவியோடு மல்லுக்கட்டினார். அந்தப் பக்கத்தில் பெரிய சார் மட்டும் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை மேசை துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். சிவப்பு எரிவதற்கு ஒரு மயிரிழை முன்னால் பெட்டிக்குள் 'டக்' என்றது. பச்சைக்கு அதைவிட மெலிதாக 'டிக்'. படித்தவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைப்பதா என்று தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

மேடத்துக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. மாணவர்களும் விளக்கை மட்டுமே பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். மேடம் தன் துப்பட்டாவால் அவள் கண்ணைக் கட்டி உட்காரவைத்தார். இருபது தடவை. இருபதிலும் சரியான கை. எந்தக் கை என்று விளக்குக்கு முன்பே சத்தம் சொல்லிக் கொடுத்துவிடுகிறது.

மேடம் அந்த வாரத்துத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் கோடு போட்டார். முகத்தில் வருத்தம் இல்லை. விளக்குகளை மட்டும் மேசையில் விட்டு, பெட்டியை வராந்தாவுக்கு மாற்றி நீளமான வயர் இழுத்துக் கதவைச் சாத்தியதும், காணாமல் போன பத்தில் ஒரு பங்கு நொடி திரும்பி வந்தது.

"அக்கா, நீங்க சொல்லலைன்னா இதை அச்சுக்கே அனுப்பியிருப்பேன்," என்றார். அவளுக்குக் காது மடல் சூடேறியது.

அப்போதுதான் பெரிய சார் முதன்முறையாக பீரோவைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். கிண்டலுக்கு வந்தவர் மாதிரி தெரியவில்லை. "எதுவும் கேட்கலைன்னு பசங்க பொய் சொல்லலை. ஆனா கை கேட்டிருக்கு. அப்ப, கேட்டது யாரு?"

மேடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, "இதுக்கு ஒரு சோதனை பண்ணலாம் சார்," என்றார். கேட்டும் கேட்காததுமாக எத்தனை மெல்லிய சத்தம் வரை கை பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது திட்டம். கேள்வியைப் பெரிய சார் திரும்பத் திரும்பச் செதுக்கினார். சத்தங்களைத் தரம் பிரித்து வைத்தது அவள். மூன்று பேரும் அந்த ஒரு மேசையில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்தார்கள்.

கட்டுரை வெளிவந்தபோது கடைசியில் அவளுக்கு நன்றி சொல்லி ஒரு வரி இருந்தது. அதற்கடுத்த மாதம் ஆய்வக உதவியாளராக உத்தரவு வந்தது. கணவர் அந்த வரியைப் போட்டோ எடுத்து டிப்போ முழுக்கக் காட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர்களிடம், அதெல்லாம் சொன்னால் புரியாது என்றாராம்.

இப்போது உளவியலுக்கு இரண்டாம் மாடியில் தனித் துறை. அவளுக்கென்று மேசை, சுழல் நாற்காலி, சாவிக்கொத்து. ஓய்வு பெற்ற பிறகும் வியாழன்தோறும் பெரிய சார் மூச்சு வாங்க மாடி ஏறி வருகிறார்.

"இன்னைக்கு என்னம்மா, கண்ணா காதா?"

"காதுதான் சார். செருப்பைக் கழட்டிட்டு உட்காருங்க. காலாட்டினீங்கன்னா சத்தம் வரும்."

அவர் அடக்கமாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். அவள் கதவைச் சாத்திவிட்டு முதல் எண்ணைக் குறிக்கத் தயாராகிறாள்.