ஆறு மணிச் சாவி

கூடத்தில் சாவிக்காரர் புதுச் சாவி வெட்ட, 'கிர்ர்ர்' என்று இரும்பு அறுபட்டது. சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரருக்குப் பல் கூசியது. நாளெல்லாம் கடையில் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்க்கிறவர்தான்; அதே சத்தம் வீட்டுக்குள் கேட்டால் ஏனோ தாங்கவில்லை.

"அண்ணே!" சாவிக்காரர் கூப்பிட்டார். "கீழே கார்ல கருவியை மாட்டிப் பார்த்தேன். வண்டியோட கம்ப்யூட்டர்ல ரெண்டு சாவி பதிஞ்சிருக்கு. உங்ககிட்ட ஒண்ணுதானே இருக்கு? இன்னொண்ணு யார் கையிலயோ உசுரோட இருக்கு."

"நான் சொல்லல? தினம் சாயங்காலம் ஆறு மணியானா, யாரும் தொடாமலே வண்டி கீக் கீக்னு கத்தி விளக்கைச் சிமிட்டுது. எங்க வீட்டுக்காரி பேய்ங்கிறா."

"பேய்க்கு எதுக்குண்ணே சாவி? அந்தப் பழைய சாவியோட பதிவை அழிச்சிடவா?"

"அடியோட அழிச்சிடு!"

போன மாதம்தான் எதிர்வீட்டு மாடி டீச்சரம்மாவிடம் அந்த வண்டியை வாங்கினார். அவர் கணவர் காலமான பிறகு ஓட்ட ஆளில்லை. "இன்னொரு சாவி எங்கேயோ தொலைஞ்சிடுச்சு தம்பி" என்று அந்த அம்மாள் தரையைப் பார்த்துச் சொன்னார். இவரும் நம்பினார். நேற்று வண்டி கத்தியதும் நடுத்தெருவில் நின்று, "எந்தத் திருட்டுக் கழுதைடா அது? கையை ஒடிச்சிடுவேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். எதிர்மாடியில் திரைச்சீலை அசைந்ததை இவர் எங்கே கவனித்தார்!

இருவரும் கீழே போய்ப் பழைய சாவியின் பதிவை அழித்து, புதுச் சாவியைப் பதித்துவிட்டு மேலே வந்தார்கள். சற்றைக்கெல்லாம் அழைப்புமணி அடித்தது. வாசலில் டீச்சரம்மா. உள்ளங்கையில் ஒரு சாவி.

"தொலையல தம்பி, பொய் சொல்லிட்டேன். நேத்து நீங்க கத்தினீங்களே, அந்தக் கழுதை நான்தான்."

கண்ணாடிக்காரர் கதவை அகலத் திறந்தார்.

"பதினொரு வருஷம் அவர் ஆறு மணிக்கு வந்து வண்டியைப் பூட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாத்தான் தேநீருக்கு அடுப்பைப் பத்த வைப்பேன். அது கேட்காம அடுப்புகிட்ட கால் போகல தம்பி. அதான் ஜன்னல்ல நின்னு சாவியில இருக்கிற பொத்தானை அமுக்குவேன். இன்னைக்குக் கடைசியா அமுக்கிட்டுக் கொடுத்துடலாம்னு பார்த்தேன். வண்டி சிமிட்டவே இல்ல. சாவியோட பேட்டரி போயிடுச்சு போல." அவர் சிரிக்கப் பார்த்தார். "போதும்டின்னு அவரே சொல்லிட்டாருன்னு நினைச்சுக்கிட்டேன்."

"பேட்டரி இல்லம்மா, நாங்க..." என்று ஆரம்பித்த சாவிக்காரரின் காலைக் கண்ணாடிக்காரர் நறுக்கென்று மிதித்தார்.

"பேட்டரிதாம்மா" என்றார். சொன்ன வாயே கசந்தது. "உங்ககிட்டயே இருக்கட்டும். நான் சரிபண்ணிக் கொண்டாந்து தரேன்."

"வேண்டாம் தம்பி. அவர் சொன்னா சொன்னதுதான். உங்க வீட்டுக்காரிக்கு வெச்சுக்குங்க. இதுக்குப்போய்ப் புதுச் சாவி செய்யாதீங்க."

மேசையில் பளபளத்த புதுச் சாவியின்மேல் கண்ணாடிக்காரர் துண்டைப் போட்டார்.

"தேநீர் இருக்கு. ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கம்மா."

டீச்சரம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறேகால்.

"இல்ல தம்பி. இன்னைக்காவது நானே அடுப்பைப் பத்த வெச்சுப் பழகணும்."

பாடம் நடக்கும் வகுப்பறைக் கதவைச் சாத்திப் பழகிய கை. துளிச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.