நாடா டப்பாவில் இருந்த பாக்கெட்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது. ஆரணியில் எங்கள் வீட்டிலேயே என் கணவர் பட்டுத்தறி போட்டிருக்கிறார். இரண்டாவது குழந்தையும் ஆபரேஷனில் பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இப்போதைக்கு இன்னொரு கர்ப்பம் வந்தால் என் உயிருக்கே ஆபத்து, ஆணுறை உபயோகியுங்கள் என்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அப்புறம்தான் அவர் போக்கு மாறியது. படுக்கையைத் தறிக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். திடீர் திடீரென்று பைக்கை எடுத்துக்கொண்டு போளூருக்குப் போனார். எதற்கு என்றால், சும்மா என்பார். நெய்த சேலையை வாங்கிக்கொள்கிற முதலாளி இருப்பது ஆரணியில். போளூரில் இவருக்கு என்ன வேலை? சட்டையை மோந்து பார்த்தேன், போனை நோண்டினேன். ஒன்றும் சிக்கவில்லை. மனுஷன் உஷாராகத்தான் இருக்கிறார் என்று இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒருநாள் தறியைத் துடைக்கும்போது, குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாக் கட்டையைப் போட்டு வைக்கும் தகர டப்பாவைத் திறந்தேன். அடியில் ஆணுறை பாக்கெட், பிரிக்காமல். டாக்டர் சொன்னது நினைவுக்கே வரவில்லை. இதெல்லாம் வெளியே போகிற ஆம்பளைங்க வாங்குவது என்று கேட்டே வளர்ந்தவள் நான்.

பாக்கெட்டை அவர் முன்னால் வீசி, "போளூர்ல யாருங்க அவ?" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. "யாரும் இல்லம்மா. இங்க மருந்துக் கடையில உங்க சித்தப்பா உக்காந்துகினு இருக்காரு. அவராண்ட போய் எப்படிக் கேக்கறது? அதான் போளூர்ல போய் வாங்கினேன். வாங்கியாந்தும் உன்னாண்ட நீட்ட பயம். இப்ப கேட்ட பாரு, இதையே நீ கேப்பன்னுதான்."

நான் நம்பவில்லை. போளூரில் வாங்கின கடையிலேயே என் கண் முன்னால் வாங்கிக் காட்டுங்கள் என்று, குழந்தைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பைக்கில் ஏறினேன்.

போளூரில் கடைக்கு எதிரே நின்று, கூட்டம் குறையட்டும் என்றார். குறைந்ததும் போனார். அதற்குள் ஒரு அம்மா வந்து பக்கத்தில் நிற்க, இருமல் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. முன்பு போன தடவைகளும் இப்படித்தான் திரும்பியிருப்பார். இந்த மனுஷனா இன்னொருத்தியைத் தேடிப் போவார்? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னைத் தொடப் பயந்துதான் தனியாகப் படுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நானே போய்க் கேட்டேன். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்தார்.

உயிர் போகிற விஷயத்தைக்கூடக் கட்டினவரோடு பேச வெட்கப்பட்டு, அவரையே சந்தேகப்பட்டேனே என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.