பூச்சி கடித்த மாவிலை

தச்சர் உசனார் பலகையில் மீன் பதிக்கும்போது கண்ணைத்தான் முதலில் பதிப்பார். கண் இல்லாத மீனுக்கு உளி வருவது தெரியாது, ஒதுங்கி உட்காராது என்பது அவர் கட்சி. அலுமாரிக் கதவில் ரோசாப்பூ கேட்டவர்களுக்கும் இதழ்கள் மெல்ல மெல்லச் செதிலாகிவிடும். காத்தான்குடியில் அப்படிப் பல அலுமாரிகள் உண்டு.

மகள் நிஸ்மியாவுக்கு வீடு கட்டி முடித்தாயிற்று. கலியாணமாகி மாப்பிள்ளை குடிவர வேண்டும். கட்டிலின் தலைமாட்டுப் பலகையை உசனார் தேக்கில் செய்து, பலாவில் இரண்டு கொடுவா மீன் வெட்டி, கருங்காலிக் கண்ணோடு பதித்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அது பிடிக்கும் என்று மனைவி கைறுன்னிஸாவுக்கு நம்பிக்கையில்லை. பஹ்மியின் கடையில் கண்ணாடி வைத்த கட்டிலொன்றுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

மாப்பிள்ளையின் உம்மா ஷாகிரா வீடு பார்க்க வந்தாள்.

"மச்சான், நாயோ உசிருள்ள உருவமோ இருக்கிற அறைக்குள்ள வானத்து மலக்குமார் வர மாட்டாங்களே."

"இது மீன் மச்சி. குரைக்காது."

"குரைச்சாத்தான் உசிரா?"

கைறுன்னிஸா போனை எடுத்தாள். "பஹ்மிக்குச் சொல்லட்டா?"

"பொறு புள்ள. வேலை இன்னம் முடியல்ல. இது மாவிலையாகும்."

"எப்ப?" என்றாள் ஷாகிரா.

"வெள்ளிக்கிழமை."

"ஆகட்டும். ஆகல்லெண்டா பஹ்மிட கட்டில்தான்."

உசனார் வாலைச் சீவிக் காம்பாக்கினார். துடுப்புச் செட்டைகளைக் கழற்றி அந்தப் பள்ளங்களைத் தேக்குச் சீவலால் அடைத்தார். முதுகெலும்பு ஓடும் இடத்தில் கருங்காலியால் நடுநரம்பு வந்தது. கண் மட்டும் கழன்று வரவில்லை. பசை இறுகிவிட்டது. இன்னும் தட்டினால் இலை பிளக்கும். கடைசியில் கண்ணின் விளிம்பைக் கோணல்மாணலாகச் சீவி, பூச்சி கடித்த ஓட்டையாக்கினார். மற்ற இலையிலும் பூச்சி அதே இடத்தில்தான் கடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஷாகிரா நெடுநேரம் பார்த்தாள்.

"இலைதான். பூச்சி கடிச்சிரிக்கு."

"மருந்தடிக்காத மரம் மச்சி."

"பூச்சி உள்ளுக்கு இரிக்கா?"

"போயிட்டு."

"அப்ப சரி."

சம்பந்தி வீட்டுக் கட்டிலில் மாவிலை என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள்.

கலியாணத்தன்று மாப்பிள்ளை ஷாமிலை அறைக்கு அழைத்து வந்தார்கள். கட்டாரில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். பெண்கள் சூழ நின்று கட்டிலைப் பார்த்தார்.

"கொடுவா," என்றார். "ரெண்டு கிலோ வரும்."

கைறுன்னிஸா போனைத் தேடினாள். உசனார் கூரையைப் பார்த்தார். பெண்களெல்லாம் ஷாகிராவைப் பார்த்தார்கள்.

"மாவிலை," என்றாள் ஷாகிரா. "கட்டாருக்குப் போய் மரஞ்செடியை மறந்திட்டான்." கட்டிலில் ஏறி, இலைகளை முதுகால் மறைத்து உட்கார்ந்தாள். கூட்டம் சாப்பாட்டுக்குப் போகும்வரை இறங்கவில்லை.

உசனாரின் கட்டிலே நிலைத்து நின்றது. பின்னேரம் மாப்பிள்ளை மாமனாரிடம் ஒதுக்கமாகக் கேட்டார்.

"மாமா, செட்டையெல்லாம் எங்க?"

"கழட்டிட்டன் மகன்."

ஷாமில் பலகையைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல துப்பரவு. நாங்களும் முதல்ல அதைத்தான் கழட்டுற."