தம்பி உடம்பில் அக்காவின் அணுக்கள்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே சட்டை தேய்க்கிற வேலை. சாயங்காலம் சங்கு ஊதும்போது முழங்கால் இரண்டும் கெஞ்சும். வீட்டுக்குப் போனால் அங்கே தம்பி படுத்திருப்பான்.

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். ரத்தப் புற்றுநோய் வந்தது. அவன் எலும்பு மஜ்ஜையை மருந்தால் துடைத்துவிட்டு, அக்காவிடம் எடுத்த, புது ரத்தம் ஊறவைக்கும் மூல அணுக்களை ஏற்றினார்கள். சின்ன வயதிலிருந்து கீரியும் பாம்புமாக இருந்த இருவருக்கும் ரத்தம் மட்டும் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தது.

மூன்றாம் மாதம் அவன் உள்ளங்கை சிவந்து தடித்தது. பிறகு காது, முதுகு. வாயெல்லாம் புண். அரை நாள் விடுப்பு எடுத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா அவன் கையைத் திருப்பிப் பார்த்தார். "வெள்ளை அணுவுல டி செல்னு ஒரு வகை இருக்கும்மா. வேத்து ஆள் உள்ள வந்தா கண்டுபிடிச்சு அழிக்கிறது அதோட வேலை. உங்க டி செல் இப்ப இவருக்குள்ள இருக்கு. அதுக்கு இவர்தான் வேத்து ஆள். அதான் தோலைப் போட்டு அடிக்குது."

"என்னோடதா இவனை அடிக்குது?" என்றாள் அவள்.

தம்பி சிரிக்கப் போய் உதடு வெடித்தது. "வெளியில இருந்து அடிச்சது போதாதாக்கா? இப்ப உள்ள வேற புகுந்துட்டியா?"

"ஒரேடியா அடக்கவும் கூடாது," என்றார் டாக்டரம்மா. "மிச்சம் மீதி புற்றுநோய் அணு இருந்தா அதைத் தேடிக் கொல்றதும் இதே டி செல்தான். மாத்திரை கொடுத்து அளவா வெச்சுக்குவோம்."

அந்த அளவைப் பிடிப்பதற்குள் எட்டு மாதம் ஓடியது. காலையில் களிம்பு தடவி, சோற்றைக் குழைய மசித்து வைத்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் வந்தால் மறுபடி களிம்பு. ஒருநாள் அவன் தட்டைத் தள்ளிவிட்டான். "என் ரத்தத்தையும் வாங்கிக்கிட்டு, என் உசிரையும் வாங்குறியேடா!" என்று கத்திவிட்டுக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளிலிருந்து எட்டுகிற இடத்துக்கெல்லாம் களிம்பை அவனே தடவிக்கொண்டான். முதுகு மட்டும் அவளுக்கு.

தடிப்பு மெல்ல வற்றியது. அப்போது டாக்டரம்மா இன்னொன்று சொன்னார். "பி செல்னு இன்னொரு வகை இருக்கு. கிருமிக்கு எதிர்ப்புப் பொருள் செய்யறது அதுதான். வந்த கிருமியை ஞாபகம் வெச்சுக்கிறதும் அதுல சிலதுதான். பழைய மஜ்ஜையோட இவரோட கிருமி ஞாபகம் எல்லாம் அழிஞ்சு போச்சு. குழந்தைக்குப் போடற தடுப்பூசியை முதல்ல இருந்து போடணும்."

தடுப்பூசி அறையில் முழுக்கத் தாய்மார்களும் கைக்குழந்தைகளும். நர்ஸ் சீட்டை வாங்கிப் பார்த்தாள். "குழந்தை எங்கம்மா?"

"இவன்தான்."

முகக்கவசத்தோடு நாற்பத்தெட்டு வயதுத் தம்பி கையைத் தூக்கினான். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள், சிரித்த கையோடு ஓரத்து பெஞ்சில் சாய்ந்து தூங்கியும் போனாள்.

"அக்கா, எந்திரி. பஸ் போயிடும்."

கண் விழித்தாள். ஊசி போட்ட கையில் அவளுடைய பையை மாட்டிக்கொண்டு நின்றான்.

"அந்தக் கையில தூக்காதடா," என்றாள். எழுந்திருக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.