கடைசியாக வரும் சைக்கிள்

கடலூர் கேப்பர் மலையை மலை என்று சொன்னால் வெளியூர்க்காரன் சிரிப்பான். மிஞ்சிப்போனால் மூன்று தென்னை உயரம் இருக்கும். செம்மண் மேடு, முந்திரிக் காடு, மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளங்கள், அவ்வளவுதான். சிதம்பரத்துக்காரர்களுக்கு அதுவும் கிடையாது, தரை பாய் விரித்த மாதிரி கிடக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஏழு பேர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மலை சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கேப்பர் மலைக்குப் போனார்கள். ஆற்றில் தண்ணீரே இல்லையாம், இவனுங்க ஓடம் வாங்கிட்டானுங்களாம் என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். பேசட்டும். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

அந்த ஏழு பேரில் ஏழாவது ஆள் பூவரசன். அண்ணாமலை நகர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நாற்பத்து மூன்று வயது. ஹாஸ்டல் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவதும் பிரேக் கட்டை மாற்றுவதும்தான் பிழைப்பு. சொந்த ஊர் தாழங்குடா. மீனவர் வீட்டில் பிறந்தும் கடலுக்குள் போனால் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுப்பான். மீன் குஞ்சுக்கு நீச்சல் வராமல் போன கதை என்று மாமன்மார் சிரித்தார்கள். அதனால் சின்ன வயதில் அவனுக்குக் கரையில்தான் வேலை. அம்மா அஞ்சம்மாளோடு நின்று திரும்பி வருகிற படகுகளை எண்ணுவான்.

ஒரு நாள் ஒரு படகு குறைந்தது. காற்றுக்குப் பயந்து பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கியிருப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்பி எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்கள். மத்தியானத்துக்கு மேல் தேடிப் போனபோது கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் மிதந்தார்கள். அந்தப் படகில் கடலுக்குப் போனது மூன்று பேர். அந்த மூன்றாவது ஆள் பூவரசனின் சித்தப்பா.

சைக்கிள் கூட்டம் சேர்ந்த முதல் வாரமே அவன் ஒரு சட்டம் போட்டதற்குக் காரணம் அதுதான். நான்தான் கடைசியாக வருவேன், எனக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்றான். இறக்கம் முடிகிற இடத்தில் ஒற்றைப் பனைமரம் நிற்கும். அங்கே வந்ததும் ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். பி.டி. வாத்தியார் விஜயகுமார் ஒன்று என்று ஆரம்பிப்பார். பூவரசன் ஏழு என்று முடிப்பான். அதன் பிறகுதான் டீ.

நாலாம் எண் ராபர்ட். பல்கலைக்கழக அலுவலகத்தில் கிளார்க். பூவரசனுக்கு அவன் மச்சான், அவனுக்கும் இவன் மச்சான். சாதி வேறு, மதம் வேறு, யார் அதையெல்லாம் பார்த்தார்கள்? ராபர்ட்டின் மனைவி ஸ்டெல்லா பூவரசனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கிறிஸ்துமஸ் பலகாரம் முதலில் சைக்கிள் கடைக்குத்தான் வரும். ராபர்ட் எண் சொல்வதே ஒரு தினுசாக இருக்கும். "நாலேய்" என்று இழுத்துக் கத்துவான், முந்திரிக் காட்டில் கொக்கு பறக்கும்.

ஐந்தாம் எண் சிந்துஜா. அதே பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். வகுப்புக்கு வராத தோழிகளுக்கெல்லாம் அவர்கள் குரலிலேயே புராக்ஸி கொடுப்பதில் ஹாஸ்டல் முழுக்கப் பெயர் வாங்கியவள். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், பூவரசனும் சிரித்திருக்கிறான்.

மூன்று வருஷம் போனது. எந்தச் சட்டமும் நாளாக ஆகத் தேயும். ஒருத்தர் போனைப் பார்த்துக்கொண்டே எண் சொல்வார். இன்னொருத்தர் டீக்கடைக்குப் பாதி தூரம் நடந்துகொண்டே சொல்வார். சத்தம் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. முகத்தை யார் பார்த்தார்கள்?

தை மாதம் இரண்டாவது ஞாயிறு, பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாதபடி பனி இறங்கியிருந்தது. ஆறாம் எண்காரரின் செயின் மேட்டிலேயே கழன்றுவிட, பூவரசன் நின்று அதை மாட்டிக்கொடுத்து, அவரை முன்னால் விட்டு, பின்னால் வந்தான். பனைமரத்தடிக்கு வந்ததும் அதே செயின் மறுபடி கழன்றது. அவன் குனிந்து உட்கார்ந்து, கையெல்லாம் கிரீஸாக, எண் சொல்லுங்கப்பா என்றான். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அந்த "நாலேய்". பிறகு ஐந்து, ஆறு. ஏழு என்று தானே சொல்லி முடித்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

டீக்கடையில் ராபர்ட்டைக் காணோம். ஸ்டெல்லாவிடம் போனில் பேசப் போயிருப்பான் என்று பூவரசன் நினைத்தான். அது அவன் வழக்கம்தான். கால் மணி கழித்துப் போன் போட்டான், எடுக்கவில்லை. சிந்துஜாவின் முகம் வெளுத்திருந்தது. தார் ரோடு வழியாக வருகிறேன் என்று சொன்னாரே என்று யார் காதிலும் விழாதபடி முனகினாள். அதற்குள் ராபர்ட்டின் போனிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியது வேறு ஒரு பெண், முந்திரிச் சருகு அள்ள வந்தவள். இங்க மேட்டுல, பாதைய விட்டுத் தள்ளி ஒருத்தரு மரத்துல சாஞ்சு கெடக்காருங்க, கூப்புட்டா பேசலைங்க என்றாள்.

மேட்டுக்கு ஓடினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ராபர்ட் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், உயிர் ஏற்கனவே போயிருந்தது. மாரடைப்பு. கொஞ்சம் முன்னால் பார்த்திருந்தால் ஒருவேளை என்று ஆரம்பித்த டாக்டர், பூவரசனின் முகத்தைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்.

இறக்கத்துக்கே வராத ஆளுக்கு எண் எப்படி வந்தது? பூவரசன் தன்னையே கேட்டுக்கொண்டான். மூன்று வருஷமாகக் கேட்ட குரல், பழக்கத்தில் காது தானே கேட்டுக்கொண்டது என்று முடிவு கட்டினான். மற்றவர்களுக்கும் சரியாக நினைவில்லை. நான்தாங்க தப்பா எண்ணிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஸ்டெல்லா அவனைப் பார்த்தாள். "அண்ணா, நீங்கதானே கடைசியா வருவீங்க?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. சவுக்கால் நாலு அடி அடித்திருந்தால்கூடத் தேவலை.

சைக்கிளைக் கடையின் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் படுத்தே கிடந்தான். சித்தப்பாவின் படகு எங்கோ ஒதுங்கியிருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சோறு தின்றவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவன் அவன். இப்போது தானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் என்ற நினைப்பு அவனைத் தின்றது. தாழங்குடாவுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்கக்கூடத் துணிவு வரவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை சிந்துஜா கடைக்கு வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள், நாலு என்று கத்தியது நான்தான்.

பூவரசனுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அப்பாடா, நான் இல்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக அடுத்த நொடியே வெட்கப்பட்டான். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். முப்பது நாள் அவன் சுமந்து சாக, இவள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரோரம் விட்டெறிந்தான். அவள் அசையவில்லை.

ஸ்பேனரைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, ராபர்ட் உன்னிடம் என்ன சொன்னான், அப்படியே சொல் என்று கேட்டான்.

அவள் சொன்னாள். "அசதியா இருக்கு, செத்த நேரம் உக்காந்துட்டு ரோட்டு வழியா வரேன்னாரு. நான் உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சா பூவரசன் என் பக்கத்துலயே உக்காந்துடுவான், எனக்கும் சேத்து நீயே எண் சொல்லிடுன்னாரு. மூணு வருஷமா அவன் எல்லாருக்கும் பின்னால பிரேக்கப் புடிச்சிக்கிட்டே வரான், ஒரு நாளாச்சும் கவலையில்லாம எறங்கட்டும்னாரு."

பூவரசன் கிரீஸ் கையோடு முகத்தை மூடிக்கொண்டான். ராபர்ட் செத்த நாளில்கூட அவன் அழவில்லை. இப்போது அழுதான், கடைக்கு வந்த மாணவன் ஒருவன் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் போகிற அளவுக்கு அழுதான்.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஸ்டெல்லா வீட்டுக்குப் போனார்கள். சொல்ல வேண்டியதை நீயேதான் சொல்ல வேண்டும் என்று வாசலில் பூவரசன் சொன்னான். சிந்துஜா சொன்னாள். ஸ்டெல்லா கேட்டுவிட்டு உள்ளே போனாள். போனவள் வரமாட்டாள் என்றே இருவரும் நினைத்தார்கள். வந்தாள், கையில் நாலாக மடித்த டாக்டர் சீட்டு. ராபர்ட் பைபிளுக்குள் ஒளித்து வைத்திருந்ததை அவள் இந்த முப்பது நாளில்தான் கண்டெடுத்திருந்தாள். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று ஐப்பசியிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? டாக்டரு நல்லா மிதிக்கச் சொன்னாருன்னாரு. நானும் ஞாயித்துக்கெழம விடியக்காலம் எழுப்பி விட்டு அனுப்பினேன். இதுல யாரப் போய் நான் திட்டுறது?"

அவள் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. சிந்துஜாவிடம் ஒரு சொல் பேசவில்லை. பூவரசன் செருப்பை மாட்டும்போது மட்டும், அன்னைக்குக் கேட்டத மனசுல வெச்சுக்காதீங்கண்ணா என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்க யாருக்கு என்ன உரிமை?

சேதி தெரிந்ததும் மற்றவர்கள் கொதித்தார்கள். சிந்துஜாவை இனிமேல் சேர்க்கக் கூடாது என்றார் விஜயகுமார். பூவரசன் கேட்டுக்கொண்டே உத்தரத்திலிருந்து சைக்கிளை அவிழ்த்து இறக்கினான். வரும் ஞாயிறு எல்லோரும் வர வேண்டும், அவளும் வர வேண்டும் என்றான். அவன் போட்ட இரண்டாவது சட்டம் அது.

மேட்டு உச்சியில் ஆறு சைக்கிள்கள் நின்றன. முந்திரி பூத்திருந்தது. பூவரசன் சிந்துஜாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"இனிமே நீதான் கடைசி. உனக்குப் பின்னால யாரும் இருக்கக் கூடாது," என்றான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் காத்திருக்கவில்லை, முதல் ஆளாக இறங்கினான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, திரும்பிப் பார்க்காமல், பிரேக் பிடியிலிருந்து விரலை எடுத்துவிட்டு இறங்கினான். செம்மண் பள்ளத்தில் சக்கரம் குதித்தது. காற்று காதில் அறைந்தது. மச்சான், இதைத்தானே எனக்குக் கொடுக்க நினைத்தாய் என்று நினைத்துக்கொண்டே கீழே வந்து சேர்ந்தான்.

பனைமரத்தடியில் ஐந்து பேர் சேர்ந்தாகிவிட்டது. சிந்துஜா வரவில்லை. பத்து நிமிடம் ஆனது, இருபது ஆனது. ஓடிப்போய்விட்டாளா என்று விஜயகுமார் முணுமுணுத்தார். டீக்கடைக்காரர் கை காட்டிக் கூப்பிட்டார், ஒருத்தரும் போகவில்லை. பூவரசன் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முக்கால் மணி கழித்து அவள் வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தலையெல்லாம் முந்திரிப் பூ, முழங்கை இரண்டிலும் கீறல்.

"ஒவ்வொரு மரத்தடியிலயும் பாத்துட்டு வந்தேண்ணா. யாரும் இல்ல," என்றாள்.

யாரும் எண் சொல்லவில்லை. பூவரசன் ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று முகத்தைப் பார்த்தான். கடைசியாக அவள் முன்னால் நின்று, அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் பொறுத்திருந்தான். பிறகு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.