கீழே வைத்த தட்டு

வடக்குப்பட்டு காலனியில் எனக்கு அடுத்த வீடு மண்ணாங்கட்டி. பிறந்ததிலிருந்தே மேலத்தெரு திருமலை வீட்டுப் படியாள். அவருடைய அப்பாவும் அங்கேதான். தாத்தா காலத்தில் வாங்கித் தின்ற நெல்லுக்கு வம்சமே உழைத்துக் கழித்தது, கழியத்தான் இல்லை. எமர்ஜென்சி சமயத்தில் ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார். கொத்தடிமையை ஒழித்துச் சட்டம் போட்டாயிற்று, இனிமேல் நீ யாருக்கும் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். அந்த இளநீரை மரமேறிப் பறித்துப் போட்டவரும் மண்ணாங்கட்டிதான். மரம் திருமலையுடையது.

அப்புறம் கல் உடைத்தார், ரோடு போட்டார். கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் தோட்ட வேலை கிடைத்தது. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கவே நன்றாக இருக்கும். மகள் கங்கா அதே கம்பெனியில் பேக்கிங். அங்கே பிட்டராக இருந்த இளம்பரிதிக்கு அவளைப் பிடித்துப்போனது. "எங்க நைனா இப்ப யாரு முன்னாடியும் கை கட்டி நிக்கிறதில்ல" என்று அவனிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

1991 மாசியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா கோதண்டம் பெரம்பூரிலிருந்து சொந்தக்காரர்களோடு வந்திருந்தார். எங்கள் பக்கம் தட்டைக் கையில் எடுத்தால் மாற்றி முடிக்கும்வரை கீழே வைக்கக் கூடாது. வைத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு அப்பாக்களும் தட்டை ஏந்திக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் ரோட்டிலிருந்து சத்தம் வந்தது. திருமலை காலனிக்குள் கால் வைக்க மாட்டார். குரலை மட்டும் அனுப்புவார்.

"டேய் மண்ணாங்கட்டி, மாடு அறுத்துகினு பயிருக்கா ஓடுது. புடிச்சிக் கட்டுடா."

"தோ வந்துட்டேன் ஆண்டே."

தட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடினார். யோசித்துச் செய்திருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். குரல் கேட்டதும் உடம்பு தானாக எழுந்துவிட்டது. கோதண்டம் ஏந்திய தட்டோடு அப்படியே இருந்தார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலனிக்காரர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒழித்தாயிற்றாம். எதை ஒழித்தார்களோ.

மாட்டை ரோட்டோரப் புளியமரத்தில் கட்டிவிட்டுச் சாணிக் கையோடு திரும்பி வந்தார். தரையில் கிடந்த தட்டைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. மகளைப் பார்க்க முடியாமல் பாயில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, இன்னும் அந்த வூட்டு ஆளாவே கீறியா?" என்றாள் கங்கா.

"தெர்ல கண்ணு. தானா எய்ந்து பூட்டேன்."

கங்கா கட்டியிருந்த பட்டுப்புடவையோடு வெளியே போனாள். புளியமரத்தில் இருந்த மாட்டை அவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மாடு நேராகத் திருமலையின் நெற்பயிரில் இறங்கியது.

கோதண்டம் தொண்டையைச் செருமினார். "சம்மந்தி, நா இன்னும் என் தட்ட கீய வைக்கல. உங்க தட்ட எடுங்க."

ரோட்டிலிருந்து மறுபடியும் வந்தது: "டேய் மண்ணாங்கட்டி."

தட்டை எடுக்க மண்ணாங்கட்டிக்குக் கை ஒழியவில்லை. எழுந்துவிடாமல் இருக்க, புது வேட்டியில் சாணி பதியப் பதிய, இரண்டு கையாலும் தன் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.